புட்டிகளுக்கு அப்பால் ஒரு புதுச்சேரி

மலேசியாவில் உறவினர் உள்ளவர்களுக்குக் கெந்திங் மலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேகம் தவழும் அந்த மலையுச்சியில் அந்நாட்டின் சட்டபூர்வமான சூதாட்ட விடுதி இருக்கின்றது. முஸ்லிம்கள் அதற்குள் நுழைய அந்நாட்டுச் சட்டமே தடை விதித்திருக்கின்றது. ஆனாலும் விடுமுறை நாட்களில் அம்மலையில் முஸ்லிம் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாகக் காணலாம். குளிர்ந்த காற்று, குழந்தைகளுக்கான விளையாட்டுப் பூங்கா, கம்பியில் தொங்கிச் செல்லும் வண்டி, வழியில் தொழுவதற்கொரு அழகிய பள்ளிவாசல் என்று அவர்களுக்கு அங்கே வேறு வேலை இருக்கின்றது. சூதாட்டக் கூடம் இருக்கின்றது என்பதற்காக மலையையே அவர்கள் விட்டுக்கொடுத்து விடவில்லை.

நம் நாட்டில் கோவாவின் மாண்டவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் மிதக்கின்றன. சிக்கிமிலும் அதற்கென 2002ஆம் ஆண்டில் சட்டம் இயற்றினார்கள். நான் வாழும் புதுச்சேரியின் பெயர் கெட்டதோ சூதாட்டத்தால் அல்ல, மதுவால். திருக்குர்ஆன் இவ்விரண்டையும் ஒரே வசனத்தில் சேர்த்தே பேசுகின்றது என்பதை வாசகர்கள் அறிவார்கள். வெளியூர்த் திருமணங்களில் "எந்த ஊர்?" என்று கேட்பவர்களிடம் "பாண்டிச்சேரி" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு படர்கின்றதே, அதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றேன். பெண் கொடுக்க யோசித்தவர்களும் உண்டு.

இந்தப் பெயர் வந்த வரலாறு எளிது. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. எல்லைக்கு அப்பால் கிடைக்காதது இப்பால் கிடைத்தது. 1954இல் ஆட்சி கைமாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை. தமிழகத்தில் 1971இல் மதுவிலக்கு தளர்ந்து, பின்னர் திரும்பவும் வந்து, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. இன்று தமிழகத்தில் அரசே கடை நடத்துகின்றது. ஆயினும் விலைக் குறைவு, வகை மிகுதி என்று காரணம் காட்டி, வார இறுதியில் பேருந்து பேருந்தாக வந்து இறங்குகின்றார்கள். புதுச்சேரி அரசின் வருவாயிலும் இந்தக் கலால் வரிக்கு முக்கியமான இடமுண்டு. ஆகவே இது நாளை மறைந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

திருச்சியில் வாழும் என் தங்கை, திருமணமாகி இருபத்து மூன்று ஆண்டுகளில் தன் பிள்ளைகளை ஒரு முறைகூட எங்கள் ஊருக்கு அழைத்து வந்ததில்லை. நாங்கள்தாம் போய்ப் பார்த்து வருவோம். சென்ற ஆண்டு அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. கல்லூரியில் படிக்கும் மகன் நண்பர்களோடு "பாண்டிக்கு ஒரு டூர்" போக வேண்டும் என்கிறானாம். "அண்ணே, நீங்களே அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஊருக்குப் போய் என்ன பார்க்கப் போகிறான்?" என்று கேட்டாள். கேள்வியில் அச்சம் இருந்தது. அது நியாயமான அச்சம்தான். ஆனால் "அந்த ஊர்" என்று அவள் சொன்னது அவள் பிறந்து வளர்ந்த ஊரை.

"போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீயும் வா, மகளையும் அழைத்து வா. இரண்டு நாள் என் வீட்டில் இருங்கள்" என்றேன். வந்தார்கள். அந்த இரண்டு நாட்களில் நாங்கள் பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகின்றேன். இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ தாய்மார்கள் இருப்பார்கள் அல்லவா?

காஜியார் வீதியிலிருந்து...

புதுச்சேரி என்றாலே வெள்ளையர் வாழ்ந்த கடற்கரைப் பகுதியின் மஞ்சள் சுவர்களைத்தான் படம் பிடிக்கின்றார்கள். நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. அதன் தெற்குப் பாகத்தில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தெருக்கள். காஜியார் வீதி, முல்லா வீதி என்று பெயர்களே சொல்லும். நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் அப்பெயர்கள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு என் தங்கை மகள் வியந்தாள். மீரா பள்ளி, குத்பா பள்ளி, முஹம்மதியா பள்ளி என்று நடக்கும் தூரத்தில் பள்ளிவாசல்கள். இவற்றுள் மீரா பள்ளியே மிகப் பழமையானது என்பர்.

சந்தா சாகிபின் பெயரிலும் இங்கே ஒரு வீதி உண்டு. பாடப்புத்தகத்தில் கர்நாடகப் போர்கள் என்ற தலைப்பில் ஒரு வரியில் வந்து போகும் பெயர். 1740இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலி கான் மராட்டியருடன் நடந்த போரில் உயிரிழந்தார். அவருடைய விதவை, பிள்ளைகளுடனும் பரிவாரத்துடனும் ஓடிவந்து புதுச்சேரிக் கோட்டை வாயிலில் நின்றார். அவருடைய மருமகனான சந்தா சாகிபின் மனைவி மக்களும் இங்கேயே அடைக்கலம் புகுந்தனர். அப்போது கவர்னராக இருந்தவர் துமா. பெரும் படையோடு இருந்த மராட்டியத் தளபதி ரகூஜி போன்ஸ்லே, அவர்களை ஒப்படைக்குமாறு மிரட்டினார். துமா மறுத்துவிட்டார். நகரமே அழிந்திருக்கக் கூடும். ஆனாலும் அடைக்கலம் என்று வந்த பெண்களையும் பிள்ளைகளையும் அவர் கைவிடவில்லை. அவர் கிறிஸ்தவர், வணிகக் கம்பெனியின் ஊழியர், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் என்பதையெல்லாம் மறுப்பதற்கில்லை. இருந்தும் அந்தச் செயலை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான பின்பகுதியும் உண்டு. துமா அனுப்பிய அன்பளிப்புகளில் சில பிரெஞ்சு மதுப் புட்டிகளும் இருந்தனவாம். அவை ரகூஜியின் இல்லத்துப் பெண்மணிக்கு மிகவும் பிடித்துப் போக, இன்னும் வேண்டும் என்ற வற்புறுத்தலே அவரைச் சமாதானத்தின் பக்கம் திருப்பியது என்று ஆங்கில வரலாற்றாசிரியர் மாலெசன் எழுதுகின்றார். இதைச் சொன்னதும் என் மருமகன், "அப்படியென்றால் அன்றைக்கே பாண்டியில் இதுதானா, மாமு?" என்று கேட்டுச் சிரித்தான். தாய் முறைத்தாள். நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்வது!

பின்னர் 1749இல் ஆம்பூர்ப் போரில் வென்ற சந்தா சாகிபு, நன்றிக் கடனாகப் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். இன்றைய புதுச்சேரியின் எல்லை வரைபடம் துண்டு துண்டாகக் கிடப்பதற்கு இத்தகைய கொடைகளும் ஒரு காரணம். 1750 இறுதியில் முஸஃபர் ஜங் தக்காணத்தின் நிஜாமாக அரியணை ஏறிய தர்பார் நடந்ததும் இதே ஊரில்தான். ஹைதராபாத்தின் ஆட்சியாளர் ஒருவர் புதுச்சேரியில் பதவியேற்றார் என்பது நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் காலத்தின் அன்றாட நிகழ்ச்சிகளை 1736 முதல் 1761 வரை தமிழிலேயே நாட்குறிப்பாக எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் இன்னும் நிற்கின்றது.

இந்தத் தெருக்களிலிருந்து சைகோனுக்குக் கப்பலேறியவர்கள் அநேகர். வியத்நாம் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், ஒரே கொடியின் கீழ்ப் போய்த் துணி வணிகமும் வட்டமிலாக் கடைகளும் நடத்தினார்கள். சைகோன் நகரின் நடுவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கின்றது. என் பாட்டனார் வீட்டில் சைகோன் பீங்கான் கோப்பை ஒன்று இருந்தது. உடைந்து போயிற்று.

குத்பா பள்ளியில் ளுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "போன தடவை வந்தபோது இந்தப் பக்கமே வரவில்லை, மாமு. இப்படித் தெருக்கள் இருப்பதே தெரியாது."

போன தடவை! அவன் வந்ததே எங்களுக்குத் தெரியாது. மாமன் வீடு இருக்கும் ஊருக்கு வந்து, வீட்டுக்கு வராமல் போயிருக்கின்றான். எங்கே தங்கினாய், யாரோடு வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவனுடைய முகமே விடை சொல்லிற்று. தங்கையிடமும் நான் சொல்லவில்லை. அன்று இரவு அவனே தாயிடம் சொன்னான் என்று பிறகு அறிந்தேன்.

கடலும் கல்லும்

கடற்கரைச் சாலைக்கு மாலையில் போவதே வழக்கம். குடும்பத்தோடு வருபவர்களுக்கு என் யோசனை வேறு. சுபுஹு தொழுதுவிட்டு நேரே போய்விடுங்கள். மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை அச்சாலையில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. முந்தைய இரவின் கூட்டம் உறங்கிக் கொண்டிருக்கும் நேரம் அது. கிழக்குக் கடலில் சூரியன் எழும்போது ஒன்றரைக் கிலோமீட்டர் நீளச் சாலை முழுவதும் நடை பயில்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சொந்தம். செஞ்சியிலிருந்து கொண்டு வந்த கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1938இல் எழுப்பிய நினைவுச் சின்னம் எல்லாம் அருகருகே இருக்கின்றன.

அங்கே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எங்கள் இளமையில் இங்கே அகன்ற மணற்பரப்பு இருந்தது. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. நம் கரையோரத்தில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்து செல்கின்றது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை அரிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மணல் போய், கறுப்புப் பாறாங்கற்களே எஞ்சின. அரிப்பு நகரோடு நிற்காமல், வடக்கே கோட்டக்குப்பத்தை ஒட்டிய மீனவர் குப்பங்களின் வீடுகளையும் விழுங்கிற்று. பின்னர் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி 2018இல் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை அமைத்த பின், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கின்றது. பொறியியல் படிக்கும் என் மருமகன் அந்த மணலில் குச்சியால் கோடு கிழித்துத் தன் தங்கைக்கு இதை விளக்கிக் கொண்டிருந்தான். நான் சொன்னதைவிட நன்றாகவே விளக்கினான்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி பாரதி பூங்கா. அதன் நடுவில் வெள்ளை மண்டபம் ஒன்று நிற்கும். முன்னொரு காலத்தில் ஆயி என்ற தாசி வாழ்ந்தாள். விளக்கொளியில் மின்னிய அவள் வீட்டை ஆலயம் என்று எண்ணி அவ்வழியே சென்ற மன்னர் வணங்கிவிட்டார். உண்மை தெரிந்ததும் சினந்து, அதை இடிக்க ஆணையிட்டார். அவளோ தானே அதை இடித்து, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்ட அனுமதி கேட்டாள் என்பது வழிவழியாக வரும் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது அவள் பெயரால் இந்த மண்டபத்தை எழுப்பினார்கள்.

பூங்காவை ஒட்டியே அருங்காட்சியகம். இங்கே குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளிச் செல்லும் "புஸ் புஸ்" வண்டியைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் நகர மாட்டார்கள். பெரியவர்கள் பார்க்க வேண்டியது அரிக்கமேட்டுப் பொருள்கள். ஊருக்குத் தெற்கே ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்வாய்வு செய்து, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியோடு கடல் வணிகம் நடந்ததை உலகுக்கு எடுத்துக் காட்டினார். பண்டைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் "பொதுகே" துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. கண்ணாடியிலும் கல்லிலும் செய்த மணிகள் இங்கிருந்து போயின. அங்கிருந்து இருபுறமும் கைப்பிடி வைத்த கூர்முனைச் சாடிகள் வந்தன. அவற்றில் வந்தது என்ன தெரியுமா? ஒலிவ எண்ணெய், மீன் சாறு, அப்புறம் திராட்சை மது! இதை நான் வாய் திறந்து சொல்வதற்குள் பலகையைப் படித்துவிட்ட மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மணிகளையும் அல்லவா பார்க்க வேண்டும் என்றேன். அரிக்கமேட்டுக்கு நேரில் போனால் தென்னையும் மாமரமும் சில செங்கல் தூண்களுமே இருக்கும். அத்தூண்களும் பிற்காலத்தவை. கற்பனை உள்ளவர்கள் போகலாம்.

ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ரோமன் ரோலன் நூலகம் 1827இல் தொடங்கப்பட்டது. 1966இல் இப்போதைய பெயர் சூட்டப்பட்டது. தங்கையின் மகள் இங்கிருந்து கிளம்ப மறுத்துவிட்டாள். பாரதியார் 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்தார். அவர் குடியிருந்த இல்லமும், பாரதிதாசனின் இல்லமும் நினைவகங்களாக இருக்கின்றன. இங்கிருந்து சென்ற பிறகு 1920இல் பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் மேன்மையைப் பற்றி உரையாற்றியவர் பாரதியார் என்பதைப் பிள்ளைகளிடம் அந்த வீட்டுக்குள் நின்று சொன்னால் மனத்தில் நிற்கும். தாவரவியல் பூங்கா 1826இல் அமைந்தது. மரங்கள் பார்க்கத்தக்கவை.

ஊருக்கு வெளியே

இரண்டாம் நாள் காலை வில்லியனூர் வழியாக ஊசுட்டேரிக்குப் போனோம். வில்லியனூரில் பழைய சிவாலயம் ஒரு பக்கம், மாதா கோயில் ஒரு பக்கம், சற்றுத் தள்ளி நம்மவர்கள் வாழும் சுல்தான்பேட்டை. ஏரியோ புதுச்சேரி, தமிழகம் இரண்டுக்கும் பொதுவானது. 2008இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும். படகுக் கட்டணமும் பெரிதில்லை. தங்கைக்குப் படகில் அச்சம். கரையில் அமர்ந்து, கொண்டு வந்த இடியாப்பத்தை எங்களுக்காகக் காவல் காத்தாள். கடலூர்ச் சாலையில் சுண்ணாம்பாற்றிலும் படகுத்துறை உண்டு. அங்கே கூட்டமும் கூச்சலும் மிகுதி. எனக்கு ஊசுட்டேரியே பிடிக்கும்.

நகருக்கு வடக்கே, தமிழக எல்லைக்குள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் இருக்கின்றது. புதுச்சேரியின் கடைசித் தெருவிலிருந்து பார்த்தாலே மினாரா தெரியும் என்னும்படி ஒட்டிக்கொண்டிருக்கும் முஸ்லிம் ஊர் அது. 2021இல் நகராட்சியாயிற்று. பிரான்சில் வாழும் பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்கள் அங்கே பல. அஞ்சுமன் நுஸ்ரத்துல் இஸ்லாம் பொது நூலகத்தை ஊர் மக்களே பேணி வருகின்றார்கள். மது தேடி இச்சாலையில் விரைந்து போகும் இளைஞர்கள் எத்தனையோ பேர் அந்த ஜாமிஆ மஸ்ஜிதின் வாசலைத் தாண்டித்தான் போகின்றார்கள்.

வருபவர்கள் கவனிக்க வேண்டிய சில: தங்கும் விடுதியிலும் உணவகத்திலும் மதுக்கூடம் சேர்ந்திருக்கின்றதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. வேறு உறவினர் வீடு இல்லாதவர்களுக்கு அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் உண்டு. அங்கே மதுவுக்கும் புகைக்கும் இடமில்லை, இரவில் குறித்த நேரத்தில் வாயிலைச் சாத்திவிடுவார்கள். இந்த ஊரில் தொழுகையாளிகளுக்கு ஏற்ற விடுதியை வேறு சமயத்தார் நடத்துகின்றார்கள் என்பது நம் செல்வந்தர்களின் காதில் விழட்டும். சனி, ஞாயிறு இரவுகளில் கடைத்தெருவில் பெண் பிள்ளைகளோடு நெடுநேரம் நிற்க வேண்டாம். முடிந்தால் வார நாட்களில் வாருங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடும் சந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறன்றுதான் வந்தாக வேண்டும். நடைபாதையில் பழைய புத்தகங்கள் கொட்டிக் கிடக்கும். பேரம் பேசத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சந்தையில்தான் என் மருமகன் பை நிறையப் புத்தகங்கள் வாங்கினான். தங்கை நீளமான பிரெஞ்சு ரொட்டிகள் நான்கும், அவளுடைய மகள் கையால் செய்த பூத்தாள்களும் வாங்கினார்கள். ஞாயிறு மாலை விழுப்புரம் வழியாகத் திருச்சி புறப்பட்டார்கள்.

இரவு பத்து மணிக்குத் தங்கையின் தொலைபேசி. எல்லைச் சோதனைச் சாவடியில் காவலர்கள் பேருந்தில் ஏறினார்களாம். இளைஞன், பெரிய பை, பாண்டியிலிருந்து வருகின்றான் என்றதும் அவனைத்தான் முதலில் இறங்கச் சொன்னார்களாம். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தால், புத்தகங்கள். அவற்றின் மேல் இரண்டு ரொட்டிகள்.

"பாண்டிக்குப் போய்விட்டு இதையா தம்பி வாங்கி வருகிறாய்?" என்று காவலர் கேட்டாராம்.

"மாமு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன், சார்" என்றானாம் அவன்.